முதுகில் தொங்கிய அட்டை

மனிதர்களை நடக்க விடாமல் செய்வதுதான் என் தொழில். முப்பத்தெட்டு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். நான்காவது மாடிக்கு யாராவது படியேறிப் போகிறார்கள் என்றால் நானோ என் அண்ணனோ எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட நான் மூன்று நாளில் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர் நடக்கப்போகிறேன் என்றதும் கம்பெனியில் எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர், "பாதியில நின்னுட்டா பட்டனை அழுத்துங்க, ஆள் அனுப்புறோம்" என்றார். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து கத்துகிறவர்களுக்கு நாங்கள் சொல்கிற பதில் அது.

ஏன் நடக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அண்ணன் ஓர் இல்லத்தில் இருந்தார். இனிமேல் குணப்படுத்த வழியில்லை என்று மருத்துவமனை கைவிரித்த பிறகு, இருக்கிற நாளை வலியில்லாமல் கழிக்க வைக்கிற இடம். மொத்தம் பன்னிரண்டு அறை, பின்னால் ஒரு சின்னத் தோட்டம். நாலு பேர் கொடுக்கிற நன்கொடையில்தான் அது ஓடுகிறது. அதற்காக வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் நடை வைக்கிறார்கள். தலைமை நர்ஸ் படிவத்தோடு அறைக்கு வந்தபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "இவன் நடப்பான், எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

நர்ஸ் போன பிறகு கேட்டேன். "டாக்டர் மூணு வாரம்தான்னு சொல்லியிருக்கார். அதுல மூணு நாள் என்ன வெளிய அனுப்புறீங்களே, ஏன்?"

"வந்ததுலேர்ந்து என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்க. உனக்கு போரடிக்கல? எனக்கு போரடிக்குது."

இதுதான் அவர் சொன்ன காரணம். என்னால் இதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் அப்படிப் பேசக்கூடிய ஆள்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. இரண்டுமே என் கண்ணுக்கு நனைந்த அட்டைப்பெட்டியின் நிறம்தான். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், இந்த இரண்டும் மட்டும் பிறவியிலேயே இல்லை. ஒயரோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது எப்பேர்ப்பட்ட கோளாறு என்று விளக்கத் தேவையில்லை. வேலைக்குச் சேரும்போது கண் சோதனையில் புள்ளிப்புள்ளியாக ஒரு புத்தகம் காட்டுவார்கள். புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்குமாம். எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்திருந்த அண்ணன் அந்தப் புத்தகத்தின் வரிசையை மனதில் வைத்திருந்து என்னை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னார். எட்டு, ஐந்து, எழுபத்துநான்கு. பள்ளிக்கூடத்தில் வராத படிப்பு அன்று வந்தது. டாக்டர் அருமையான கண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அண்ணன்தான் என் கண். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் மோட்டார் அறைக்குள் நுழைந்துவிடுவார். பழைய பேனல்களில் ஒயரில் எண் இருக்காது, நிறம் மட்டும்தான் இருக்கும். சட்டைப்பையிலிருந்து வெள்ளை நூலை எடுத்துச் சிவப்பு ஒயரில் ஒரு முடிச்சு, பச்சை ஒயரில் இரண்டு முடிச்சு போட்டு வைப்பார். நான் விரலால் தடவிப் பார்த்து வேலையை முடிப்பேன். நாங்கள் ஒயருக்கு மந்திரித்த கயிறு கட்டுகிறோம் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். கேலியே நல்லது என்று விட்டுவிட்டோம். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "இவன மேய்க்கவே நேரம் சரியா இருக்கு" என்பார். அதுவும் கேலி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

என் மனைவிக்கும் இது தெரியாது. அவள் எங்கள் வீட்டுக்குக் கீழேயே துணி திருத்தித் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். துணிக்கேற்ற நூலைப் பார்த்துப் பொறுக்குவதுதான் அவள் வேலையே. கல்யாணமான புதிதில், வேலை போய்விடும், யாரிடமும் மூச்சு விடாதே என்று அண்ணன் சொல்லியிருந்தார். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று இருந்து, இனிமேல் சொன்னால் மானம் போய்விடும் என்கிற அளவுக்கு நாள் கடந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக அவள் நூலையும் துணியையும் நீட்டி, "பொருந்துதா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கச்சிதம்" என்று சொல்லியிருக்கிறேன்.

நடை ஒரு விளையாட்டு மைதானத்திலிருந்து காலையில் கிளம்பியது. இருநூறு பேர் இருப்போம். பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சளி. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடினாள். "படுக்கையில இருக்கிறவங்களுக்காக நடந்தா பச்சை அட்டை, போயிட்டவங்களுக்காக நடந்தா செங்கல் கலர் அட்டை. யாருக்காகன்னு எழுதி முதுகுல மாட்டிக்குங்க."

மேசையில் இரண்டு அடுக்கு. இரண்டும் நனைந்த அட்டைப்பெட்டி.

இப்படிப்பட்ட இடத்தில் எனக்கென்று சில வித்தைகள் உண்டு. முன்னால் நிற்பவர் எதை எடுக்கிறார் என்று பார்ப்பேன். முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். ஆளுக்கு ஓர் அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார்கள். பின்னால் வரிசை முட்டியது. இது எது என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பத்தெட்டு வருடப் பழக்கம் கேட்கவிடவில்லை. ஓர் அடுக்கு உயரமாக இருந்தது, இன்னொன்று பாதி காலியாகியிருந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்காகத்தானே அதிகம் பேர் நடப்பார்கள், போனவர்களுக்காக எவன் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர் நடப்பான் என்று கணக்குப் போட்டுக் குட்டையான அடுக்கிலிருந்து எடுத்தேன். ‘அண்ணன்’ என்று எழுதி முதுகில் மாட்டிக்கொண்டேன். கயிற்றில் தொங்கிய அட்டை நடக்க நடக்க முதுகில் தட்டிக்கொண்டே வந்தது.

ஆறேழு கிலோமீட்டர் போயிருப்போம். "அண்ணனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. நெரிசலில் நின்றே பழகியவர் ஆதலால் நடையில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். கணவருக்காக நடக்கிறாராம்.

"ஆமா, அண்ணன்தான்" என்றேன்.

"உங்களுக்கு முதல் வருஷமா?"

"முதல் வருஷம்தான்."

"முதல் வருஷம் ரொம்பக் கஷ்டம். அப்புறம் பழகிடும்."

நடையைச் சொல்கிறார் என்று நினைத்து, "இப்பவே முட்டி வலிக்குது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பேச்சை மாற்ற, "புது ஷூ போட்டுட்டுப் போகாதேன்னு நேத்துகூட அண்ணன் திட்டினார்" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்று என் தோளைத் தொட்டார் கண்டக்டர். "எங்க வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் தினமும் என்ன திட்டிட்டுத்தான் இருக்கார்."

எனக்குச் சுரீர் என்றது. ஒருவேளை அட்டையைத் தப்பாக எடுத்துவிட்டேனோ? முன்னால் நடக்கிறவர்களின் முதுகைப் பார்த்தேன். கண்டக்டரின் முதுகைப் பார்த்தேன். இருநூறு நனைந்த அட்டைப்பெட்டிகள் சாலையில் போய்க்கொண்டிருந்தன. வழியெல்லாம் தண்ணீர் கொடுத்த ஆட்கள் என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவது போல இருந்தது. மற்றவர்களிடமும் அப்படித்தான் பேசினார்களா என்று கவனிக்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் தங்கினோம். வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி கடையை மூடிவிட்டு அண்ணனோடுதான் இருந்தாள்.

"அண்ணன்கிட்ட கொடு."

"மாமா வேலையா இருக்கார்" என்றாள்.

"வேலையா? படுக்கையில இருக்கிற மனுஷனுக்கு என்ன வேலை?"

"தூங்குறார்னு சொல்ல வந்தேன். வாய் தவறிடுச்சு. நீங்க காலுக்குச் சுடுதண்ணி வைங்க" என்று வைத்துவிட்டாள்.

தூங்குகிறார் என்பதற்குப் பதிலாக வேலையாக இருக்கிறார் என்று யாருக்காவது வாய் தவறுமா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காலுக்குச் சுடுதண்ணீரும் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் என் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. எங்களோடு முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு இல்லத்து நர்ஸ் ஒருத்தி நடந்துவந்தாள். அண்ணனின் அறையில் அடிக்கடி பார்த்த முகம். இல்லத்திலிருந்து அவளுக்கு மணிக்கொரு போன் வந்துகொண்டிருக்கும். பின்னாலிருந்து வந்தவள் என் முதுகுக்கு நேராக நின்றுவிட்டாள். பிறகு முன்னால் வந்து, சாலையோரக் கல்லில் என்னை உட்காரவைத்துக் காலில் மருந்து போட்டாள். கட்டி முடித்த பிறகும் என் காலை விடவில்லை.

"உங்க அண்ணன மாதிரி ஒரு மனுஷர நான் பாத்ததில்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"என்ன ஆச்சு?" என்று நான் கேட்க வாயெடுத்தபோது, முன்னால் யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள். பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். விழுந்தவரை வேனில் ஏற்றி அவளும் கூடவே போய்விட்டாள். நான் ஒரு காலில் ஷூவோடும் ஒரு காலில் கட்டோடும் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உடனே மனைவியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நாலு முறை கூப்பிட்டேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணன் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்."

டாக்டர் மூன்று வாரம் கெடு வைத்த மனிதர் நல்லா இருக்கிறாராம். "போன அவர்கிட்ட கொடு" என்றேன்.

"இப்ப வேண்டாங்க. நீங்க எதையும் யோசிக்காம நடந்து வாங்க. வந்தப்புறம் உக்காந்து பேசுவோம்." பிறகு சம்பந்தமே இல்லாமல், "இப்ப என்ன கலர் சட்டை போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

எந்தச் சட்டை என்றே பார்க்காமல், "பச்சை" என்று அடித்துவிட்டேன்.

"பச்சைச் சட்டை இங்க என் மடியிலதாங்க இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். போன் துண்டானது.

ஒரு சட்டைக்காக எந்தப் பெண்ணும் அப்படி அழமாட்டாள். என் சட்டை ஏன் அங்கே போனது, அவள் ஏன் அதை மடியில் வைத்திருக்கிறாள், ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் அழுகை எதற்கு என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் நல்லா இருக்கிறார் என்று சொன்னதை நான் ஏன் நம்பவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. உயரத்தில் நிற்கிறவனிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. எங்கள் அப்பா இறந்த அன்று நான் பதினோராவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கீழிருந்து, "இறங்கி வாடா, டீ வந்திருக்கு" என்று கூப்பிட்டார். இறங்கி வந்தேன். கையைக் கழுவச் சொன்னார். கழுவினேன். அதற்குப் பிறகுதான் சொன்னார். டீ வரவேயில்லை. இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாராவது வெளியில் இருந்தால் ஊமையாகிவிடுவோம். வழியில் இருக்கிறவனுக்கு எல்லோரும் நல்லாத்தான் இருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பஸ் நிறுத்தத்தைத் தாண்டினோம். ஏறினால் அரை மணி நேரத்தில் இல்லத்துக்குப் போய்விடலாம். நின்றேன். பஸ் வந்தது, போனது. இன்னொன்றும் வந்தது, போனது. சொன்னால் வெட்கமாக இருக்கிறது, எனக்குப் போகப் பயமாக இருந்தது. நடந்துகொண்டிருக்கும்வரை அண்ணன் சாகவில்லை. பஸ்ஸில் ஏறினால் அரை மணியில் செத்துப்போவார்.

ஆனால் தெரிந்துகொள்ளாமல் இன்னும் முப்பது கிலோமீட்டர் நடக்கவும் முடியாது. வாயால் சொல்கிற யாரையும் நம்ப முடியாத நிலையில், பொய் சொல்லாத ஒன்று என் முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அட்டை செங்கல் நிறமாக இருந்தால், கண்டக்டரும் நர்ஸும் அதைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். அட்டை பச்சையாக இருந்தால் அவர்களுக்குச் சேதி தெரிந்திருக்கிறது, அண்ணன் போய்விட்டார். கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. சின்னக் குழந்தைகூடப் பதில் சொல்லும். அதைத்தான் நான் பத்தொன்பது வயதிலிருந்து யாரிடமும் கேட்டதில்லை.

கண்டக்டர் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன். திரும்பி முதுகைக் காட்டினேன்.

"இந்த அட்டை என்ன கலர்?"

"என்ன?"

"என் முதுகுல இருக்கிற அட்டை. என்ன கலர்னு சொல்லுங்க."

"வெயில் ஏறிடுச்சா உங்களுக்கு? செங்கல் கலர். என்னோடது மாதிரியேதான்."

அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு நிறம் தெரியாது, என் அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார், அட்டையை மாற்றி எடுத்துவிட்டேன் என்று அந்த நடுத்தெருவில் ஒரு அந்நியப் பெண்மணியிடம் கொட்டித் தீர்த்தேன். சொல்லி முடித்ததும் பூமி பிளக்கவில்லை. ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை மூடினார். "அப்போ ரெண்டு நாளா உசுரோட இருக்கிற மனுஷனுக்கா நான் கண்ணீர் விட்டேன்?" என்றார். அவருக்கு உண்மையிலேயே கோபம். பாட்டிலைப் பைக்குள் திணித்தார். பிறகு, "சரி, அத திருப்பியாவது மாட்டுங்க" என்று அவரே அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி விட்டார்.

அதன் பிறகு கொப்புளம் வலித்ததாக நினைவில்லை. ஆனால் மதியத்துக்கு மேல் சந்தேகம் மறுபடியும் தலைதூக்கியது. நர்ஸ் ஏமாந்தாள், சரி. மனைவி அட்டையைப் பார்க்கவில்லையே. அவள் ஏன் அழுதாள்? அண்ணனுக்கு என்ன வேலை? யோசிக்க யோசிக்க நூல்கண்டு சிக்கலாகிக்கொண்டே போனது. கண்டக்டரிடம் மறுபடியும் வாயைக் கொடுக்கவும் தைரியமில்லை.

இல்லத்தின் வாசலை நாலு மணிக்கு எட்டினோம். கைதட்டுவதற்கு ஒரு சின்னக் கூட்டம் நின்றது. அதில் மனைவி இருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்தாள்.

"வாங்க. முதல்ல டீ குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

அந்தப் பழைய டீ கதை அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா? "எப்ப?" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

வழியில் எப்போதோ காற்றில் அட்டை பழையபடி திரும்பியிருக்க வேண்டும். அவள் என் தோளுக்குப் பின்னால் எட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"பச்சைன்னு நெனச்சு எடுத்தீங்களா?" என்றாள்.

முப்பத்தெட்டு வருடத்துக் குட்டு வாசலிலேயே உடைந்துபோனது.

"மாமா எல்லாத்தையும் சொல்லிட்டார். மூணு நாளா அதான் அவருக்கு வேலை. உங்கள வெளிய அனுப்பினதே அதுக்குத்தான். நீங்க இருந்தா சொல்ல விடமாட்டீங்களாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்தாறு வருஷம். எத்தன நூல காட்டிப் பொருந்துதான்னு கேட்டிருப்பேன். கச்சிதம், கச்சிதம்னு சொன்னீங்களே. ஒரு தடவையாவது என்கிட்ட சொல்லணும்னு தோணலையா? நான் என்ன, உங்க கம்பெனி மேனேஜரா?"

"அண்ணன் இருக்காரா?" என்றேன். வேறெதுவும் காதில் ஏறவில்லை.

"இருக்கார். அவர் ஏன் இல்லாம போறார்? காலையிலேர்ந்து நீங்க எங்க வரீங்கன்னு கேட்டு என் உயிர வாங்கிட்டிருக்கார்."

டீயை அவள் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

அறையில் என் சட்டைகள் எல்லாம் இருந்தன. கட்டிலின் கால்மாட்டில் ஒரு குவியல், நாற்காலியில் ஒரு குவியல். ஒவ்வொரு காலரின் உள்பக்கமும் வெள்ளை நூலில் முடிச்சு போட்டுத் தைத்திருந்தாள். சக்கரம் வைத்த மேசைமேல் அவள் கடைக் கணக்கு நோட்டு விரிந்து கிடந்தது. அதில் அண்ணன் சொல்லச் சொல்ல அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். தலைப்பு, ‘அவன் மாட்டிக்கொள்ளும் இடங்கள்’. தக்காளி பழுத்ததா காயா என்று கேட்காதே. சார்ஜரில் எரிகிற சின்ன விளக்கை நீயே பார். பழைய பேனல் என்றால் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல், நிறத்தை நீ சொல், நூலை அவன் கட்டிக்கொள்வான். எண் போட்டு நூற்றுப் பதினாலு வரை போயிருந்தது.

மூன்று நாளில் அண்ணன் பாதியாகிவிட்டிருந்தார். போர்வைமேல் கிடந்த விரல்கள் அசையவில்லை. கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. அருகில் போய் உட்கார்ந்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தேன். "ஏன் அவகிட்ட சொன்னீங்க?" என்று மட்டும்தான் வந்தது.

"பின்ன, என்ன எப்பவும் கூடவே வச்சுக்கலாம்னு பாத்தியா?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "அவ முடிச்சு என்னோடத விட கெட்டிடா."

மனைவி உள்ளே வந்து கதவோரம் நின்றாள். அண்ணனின் பார்வை என் தோளுக்குப் போனது. "அது என்ன, காட்டு."

கழற்றிக் காட்டினேன். ‘அண்ணன்’ என்று கொட்டை எழுத்தில் நான் எழுதியதை வெகுநேரம் பார்த்தார்.

"எந்த அடுக்குல எடுத்த?"

"குட்டையா இருந்ததுல."

"ஏன்?"

"உயிரோட இருக்கிறவங்களுக்காகத்தானே நெறைய பேர் நடப்பாங்கன்னு."

சிரித்தார். சத்தம் வரவில்லை, நெஞ்சு மட்டும் குலுங்கியது. "உயிரோட இருந்தா பக்கத்துல உக்காந்திருப்பாங்கடா. நடக்க எங்க நேரம்?" பிறகு மனைவியைப் பார்த்து, "நூத்திப் பதினாலு எழுதினோம். இது விட்டுப்போச்சு பாரும்மா" என்றார்.

"அத தூக்கிப் போட்டுடலாம் மாமா" என்று அவள் கையை நீட்டினாள்.

"வேண்டாம். நூல எடு. செங்கலும் சிவப்புதான், அந்தக் கயித்துல ஒரு முடிச்சு போட்டு வை."

அவள் நூலை எடுத்தாள். ஆனால் போடவில்லை.

"போடும்மா. அடுத்த வருஷம் இவனுக்கு இதுதான் வேணும். எது எதுன்னு முழிச்சிட்டு வரிசையில நிக்க வேண்டாம்."

வெளியே தோட்டத்தில் வந்துசேர்ந்தவர்களுக்கு இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டே ஊசியில் நூல் கோர்க்கத் தெரிந்தவளுக்கு அன்று ஒரு முடிச்சு போட வெகுநேரம் ஆனது. போட்டு முடித்து அண்ணனிடம் காட்டினாள். அவர் தலையசைத்ததும் என்னிடம் கொடுத்தாள்.

விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு முடிச்சு. நான் தடவுவதை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். சரியாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.